வீடு முழுக்க மாக்னுஸ்

"குளியலறைக்குள்ள மாமா இருக்கார். நான் எப்படிப் படிக்கிறது?" என்றான் குமாஸ்தா.

"வெளிய நின்னு படிங்க" என்றாள் மனைவி.

"வெளிய நின்னா வார்த்தை வரமாட்டேங்குது."

தாவரத் தோட்ட அலுவலகத்தில் மறுநாள் அவனுக்கு லத்தீன் தேர்வு. செடிகளின் பெயர்கள் அந்த மொழியில்தான். தேறினால் பெயர்ப்பலகைப் பிரிவு. தவறினால் எருக்கிடங்கு.

ஒரே சொல் அவனைப் படுத்தியது. மாக்னுஸ். 'பெரிய' என்று பொருள். ஆண், பெண், ஒருமை, பன்மை, வேற்றுமை என்று எதன் பக்கத்தில் நின்றாலும் வாலை மாற்றிக்கொள்ளும்.

"நம்ம 'பெரிய' எவ்வளவு சாது! பெரிய வீடு, பெரிய மனுஷன், பெரிய தொல்லை" என்றாள் மனைவி. மூன்றாவதைச் சொல்லும்போது அவனைப் பார்த்தாள்.

இடத்துக்கு ஒரு வடிவமாகச் சீட்டு ஒட்டச் சொன்னவளும் அவள்தான். கூடத்தில் மாக்னுஸ். அடுக்களையில் மாக்னா. ஃபிரிட்ஜில் மாக்னும். குளியலறையில் பன்மை வடிவமான மாக்னோரும். அங்கங்கே நின்றால் சொல் வந்தது. நகர்ந்தால் போனது.

"அப்போ கண்ண மூடிக்கிட்டு வீட்டைச் சுத்திப் பழகுங்க."

பழகினான். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாமனாரின் காப்பி அவர் மடியில் கொட்டியது.

"என்ன மாப்பிள்ளை, கண்ணு தெரியலையா?"

"மன்னிச்சுக்குங்க மாமா. பன்மையில இருந்தேன்."

மறுநாள் தேர்வாளர் கேட்டார்: "மாக்னுஸ். எல்லா வடிவமும் சொல்லுங்க."

"நடந்துக்கிட்டே சொல்லலாமா ஐயா?"

"உங்க இஷ்டம்."

கண்ணை மூடினான். கூடத்தைக் கடந்தான். அடுக்களைக்குள் போனான். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினான். கொடியில் தொங்கும் துணிகளுக்குக் குனிந்தான். தேர்வாளர் தன் நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு காற்றில் ஒரு கதவைத் தட்டிவிட்டு நின்றான்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"உள்ள மாமா இருக்கார்."

"எப்போ வருவார்?"

"அவர் போனா லேசுல வரமாட்டாருங்க."

காத்திருந்தார்கள். தேர்வாளருக்குப் பொறுக்கவில்லை.

"பெரியவரே!" என்று குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை வெளிய நிக்கறார். கொஞ்சம் சீக்கிரம் வாங்க!"

குமாஸ்தா ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே போனான். "மாக்னோரும்" என்றான். மிச்சமெல்லாம் கடகடவென்று வந்தது.

தேறிவிட்டான்.

உடனே வீட்டுக்குப் போன் செய்தான். "ஒரு சீட்டைக்கூடக் கிழிச்சுடாதே. இனிமே அதுதான் நமக்குச் சோறு போடப்போகுது."

போனை வைத்தபோது அலுவலக உதவியாளர் சாவிக்கொத்துடன் நின்றிருந்தார்.

"வாழ்த்துகள் சார். இந்தப் பதவிக்குத் தோட்டத்துக்குள்ளேயே வீடு உண்டு. நாளைக்கே குடி வந்துடணும்."