மல்லிகையின் நிறம் மீட்ட படலம்

செவி சாயுங்கள், மைசூரு மாநகரத்து உட்கூரைகளே! நேராக நிற்கக் கற்றுக்கொள்ளாத ஏணிகளே, மூடி தொலைத்த வாளிகளே, மயிர் உதிர்ந்த மூத்த தூரிகைகளே, எல்லோரும் எழுந்து நில்லுங்கள்! கொள்ளேகால் ஈன்ற கோமகன், மண்டி மொஹல்லாவின் ஓரறை அரண்மனைக்கு ஒரே அதிபதி, சுவரென்று எது எழுந்தாலும் அதை வெல்லாமல் ஏணியிலிருந்து இறங்காத வண்ணவேந்தன் காளியப்பனைப் பாடப் போகிறோம். அவனைப் பாடுமுன் அவனுடைய வலக்கைச் சுட்டுவிரலை வணங்குகிறோம். இருபத்திரண்டு ஆண்டுகள் சுவர்ப் பட்டியிலும் சுண்ணாம்பிலும் தோய்ந்து, உப்புத்தாளோடு மற்போர் புரிந்து, தன் ரேகைகளையெல்லாம் இந்நகரத்துச் சுவர்களுக்கே தானம் செய்துவிட்ட விரல் அது. அவனுடைய சொந்தக் கைப்பேசியே அவ்விரலை அந்நியப் படை என்று கருதி, தொட்டபோதெல்லாம் கோட்டைக் கதவை அடைத்துக்கொள்ளும். அத்தகைய விரல்தான் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு கண்ணாடிக் களத்தில், ஒரு மல்லிகைச் சரத்தின் மானம் காக்கப் புறப்பட்டது.

போருக்குக் காரணம் கனகாம்பரம்.

காளியப்பனின் இல்லாள் சுலோசனா, மண்டி மொஹல்லாவின் முனையில் பூ விற்பவள். அவளுடைய தங்கை அனுப்ரியாவை மணந்தவன் முரளிதரன், கைப்பேசிக் கடையில் நின்று காண்போர் கண்ணைக் கண்ணாடித் திரைகளால் கட்டிப்போடும் மாயாவி, காளியப்பனுக்குச் சகலை. அம்மாயாவி இரண்டு வாரங்களுக்கு முன் தன் திருமண நாளன்று, மனைவியின் படம் ஒன்றைச் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஏவினான். படத்தில் அனுப்ரியா சாம்பல், சேலை சாம்பல், பின்னால் நின்ற ஸ்கூட்டர் சாம்பல். தலையிலிருந்த கனகாம்பரம் மட்டும் தணலாய்ச் சிவந்து எரிந்தது. ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் பிற நிறங்களையெல்லாம் உறிஞ்சிவிடும் செயலி ஒன்று அவன் கைவசம் இருந்தது. குழுவில் நாற்பத்தோரு இதயங்கள் பூத்தன. சுலோசனா அந்தப் படத்தை மூன்று முறை திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையிலிருந்த நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடி, "பூவுன்னா அப்பிடித் தெரியோணும்," என்றாள். அவ்வளவுதான். முரசறைந்த ஓசை பிறர் செவிக்கு எட்டவில்லை, காளியப்பனுக்கு எட்டியது.

இன்னொன்றும் உரைக்க வேண்டும். பூ விற்பவள் தன் தலைக்கு ஒரு கிள்ளு வைப்பாளே தவிர முழமாக வைக்கமாட்டாள்; கூடையில் இருப்பது விற்பதற்கு. பதினான்கு ஆண்டு இல்லறத்தில் சுலோசனா தன் கூடையை மீறியதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, அவர்களது திருமண நாளன்று காலையில், மைசூரு மல்லிகை நான்கு முழத்தை அளந்து, வெட்டி, தானே சூடி, நீலக் கதவின் முன் கிளிப்பச்சைச் சேலையில் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். அவள் காலடியில் ஒரு சிவப்பு வாளி.

"எடுங்க. பூவு மட்டும் கலருல தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க. நான் மூணு மணிக்குக் கடை விரிக்கோணும், அதுக்குள்ள குரூப்புல போட்டரலாம்."

"ரெண்டுக்குள்ள வரும் அம்மிணி," என்றான் வீரன், செயலியின் பெயர்கூட அறியாமல்.

அன்று அவனுக்கு விஜயநகரில் வேலை. வீட்டுக்காரர் கணபதிராமன், ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், கூடத்துக்கு வெள்ளை கேட்டிருந்தார். காளியப்பன் பூசிக் காட்டிய முதல் வெள்ளையைப் பார்த்து "இது பால் மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவதைப் பார்த்து "இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். மூன்றாவது வெள்ளைக்குத்தான் தலை அசைந்தது. காளியப்பன் அதற்காக அவரை வெறுக்கவில்லை, மதித்தான். அவன் உலகில் வெள்ளை என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு குலம்: முத்து வெள்ளை, தந்த வெள்ளை, சங்கு வெள்ளை, நீலம் ஒரு சொட்டு விழுந்த வெள்ளை, மஞ்சள் ஒரு சொட்டு விழுந்த வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி டப்பா, தனி விலை. இதை வாசகர் நினைவில் இருத்துக. வீரனின் பெருமையும் வீழ்ச்சியும் இங்கேதான் ஒரே வாளியில் கலக்கப்பட்டன.

நண்பகல் ஒரு மணி. கூடத்தில் சுவரும் வெள்ளை, கூரையும் வெள்ளை, தரையில் விரித்த பழைய வேட்டிகளும் வெள்ளை. உப்புத்தாள் தேய்த்த தூள் படிந்து மனிதர் இருவரும் வெள்ளை. கூட்டாளி மல்லப்பன் தன் ராகி உருண்டையை விண்டுகொண்டிருந்தான். காளியப்பன் தன் எவர்சில்வர் டப்பாவைத் தொலைவில் நகர்த்தி வைத்தான். கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்தான். அறை அதிர முழங்கினான்:

"மல்லப்பா, கேட்டுக்க! இந்தப் பூவுக்குக் கலரு வராம இன்னைக்கு நான் சோறு உங்கறதில்ல!"

"ஏனு மாராயா," என்றான் மல்லப்பன், வாய் நிறைய. "உன் ஊட்ட ஆறிடும். தின்னுட்டு யுத்தம் பண்ணு."

சபதம் செய்தவன் செவியில் சாம்பார் நியாயங்கள் ஏறுவதில்லை. செயலி இறங்கியது. இறங்கிய கணமே வாயிலை மறித்து விளம்பர அரக்கன் ஒருவன் எழுந்தான். சமையல் எண்ணெயைப் புகழ்ந்து ஆடினான். அவனைக் கொல்லும் பெருக்கல் குறியோ கடுகினும் சிறியதாய், மூலையில், வெள்ளைமேல் வெள்ளையாய் ஒளிந்திருந்தது. பிறர் கண்ணுக்குப் புலப்படாத அவ்வெள்ளையைக் காளியப்பன் மட்டும் கண்டான். ஆனால் விரல் அகலம், குறி சிறிது. மும்முறை குத்தினான், மும்முறையும் எண்ணெய் வாங்கும் கடைக்கே தூக்கி எறியப்பட்டான். நான்காம் முறை அரக்கன் வீழ்ந்தான். மின்கலத்தில் உயிர் பதினோரு விழுக்காடு.

பிறகு நிகழ்ந்தது ஊழிக்காலம். ஒரே தொடுதலில் படத்தின் உலகம் நிறமிழந்தது. கிளிப்பச்சைச் சேலை சாம்பலாயிற்று. நீலக் கதவு சாம்பலாயிற்று. தன் செம்மையில் அத்தனை நாள் செருக்குற்றிருந்த வாளியும் சாம்பலாயிற்று. இனி எந்த இடத்தை விரலால் தேய்க்கிறானோ அந்த இடம் மட்டும் பழைய நிறம் பெற்று உயிர்த்தெழும். அதுவே செயலி அருளிய வரம்.

(வாசகர் இவ்விடத்தில் ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிகிறது. பொறுத்தருள்க. களத்தில் நிற்கும் வீரனிடம் அதைச் சொல்வது அறமாகாது.)

காளியப்பன் படத்தைப் பெரிதாக்கினான். மல்லிகை மலைபோல் எழுந்தது. வலது ஓரத்து முதல் மொட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மீண்டும் தேய்த்தான். மொட்டு முன்போலவே இருந்தது. ரேகையற்ற தன் விரலை மற்றொரு கருவியும் மறுத்துவிட்டது என்று அவன் உள்ளம் கசந்தது. மண்ணெண்ணெயால் விரலைத் துடைத்தான், சோப்பு போட்டுக் கழுவினான், வேட்டியில் உலர்த்தினான். சுட்டுவிரல் களைத்தபோது நடுவிரலை அனுப்பினான். அது திரும்பியபோது பெருவிரலை அனுப்பினான். கடைசியில் சிறுவிரல், போர் காணாத இளவரசன், அதுவும் சென்று வெறுங்கையோடு மீண்டது.

"உன் விரலைக் குடு மல்லப்பா."

"ராகி ஒட்டியிருக்கு குரு."

"தொடச்சிட்டுக் குடு!"

இரவல் விரல் கண்ணாடியில் இறங்கியது. நாற்று நட்ட வயலுக்குள் யானை புகுந்ததுபோல் மொட்டைத் தாண்டி வழுக்கி, சுலோசனாவின் காதை மிதித்தது. அந்தோ, காது உயிர்த்தது! சாம்பல் உலகில் ஒரே ஒரு காது, மாநிறமாய், தோட்டோடு, தனியே தகதகத்தது.

"நோடு, பாரு! வேலை செய்யுது!" என்றான் மல்லப்பன்.

"காதுக்கா கலரு கேட்டா?" என்று கர்ஜித்தான் காளியப்பன்.

பின்னோக்கி வளைந்த ஓர் அம்பு அச்செயலியில் உண்டு. அதைத் தொட்டால் செய்த வினை செய்யாததாகும். காது மீண்டும் சாம்பலுக்குள் அமிழ்ந்தது. மின்கலம் ஏழு.

விரலில் பழுதில்லை, செயலியில் பழுதில்லை. அவ்வாறாயின் பூவுக்கு மட்டும் ஏன் நிறம் ஏறவில்லை? வீரன் வாளிமேல் அமர்ந்து சிந்தித்தான். இருபத்திரண்டு ஆண்டு ஞானம் நெற்றிக்கண்ணாய்த் திறந்தது. புதுப் பட்டி பூசிய சுவரில் முதல் கோட்டு வண்ணம் எங்கே தெரிகிறது? சுவர் அதைக் குடித்துவிடும். இரண்டாவது கோட்டுக்குத்தான் முகம் தெரியும்.

"குடிக்குது மல்லப்பா. பூவு கலரைக் குடிக்குது. ரெண்டாவது கோட்டு போடோணும்."

இனி அவன் கைவண்ணத்தை எப்படி உரைப்போம்! மொட்டு மொட்டாய், இதழ் இதழாய், வலமிருந்து இடமாய் ஒரு கோட்டு. உலர இடம் கொடுத்து, மேலிருந்து கீழாய் மறு கோட்டு. விளிம்பில் வழியாமல், கூந்தலில் சிந்தாமல் (சிந்தினாலும் தெரியவில்லை என்பதைக் கண்டு அவன் தன் கைத்திறனை வியந்தான்), காதை நெருங்குகையில் மூச்சடக்கி, சாளரச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே தூரிகை ஓட்டும் நுட்பத்தோடு சிறுவிரலின் நகநுனியால் ஓடி வந்தான். நான்கு முழ மல்லிகைக்கு மூன்று கோட்டு! வியர்வை திரையில் விழுந்தது, துடைத்தான். பிடரி பிடித்தது, பொறுத்தான். மூன்றாம் கோட்டின் முடிவில் கையை நீட்டிப் படத்தைத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தெரிந்தது! பாலுமல்ல, முத்துமல்ல, வைகறையில் விரிந்த மல்லிகைக்கே உரிய வெள்ளை, மஞ்சள் அரைச் சொட்டு விழுந்த வெள்ளை, அங்கே ஒளிர்வதை அவன் கண்டான். இரண்டு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் மீதமிருக்க, மூன்று விழுக்காடு உயிரோடு, படம் மண்டி மொஹல்லாவுக்குப் பறந்தது. கணபதிராமன் வீட்டு மின்செருகியில் போனைச் செருகிவிட்டு, வென்றவன் நிமிர்ந்தான்.

மண்டி மொஹல்லாவில் சுலோசனாவின் இரு கைகளும் ஈரநாரில் இருந்தன. புறங்கையால் தட்டி, திறந்தும் பாராமல், அப்படியே குழுவுக்கு அனுப்பினாள். கணவன் சொன்னான், ஆகவே நிறம் இருக்கும்.

முதல் வேல் முரளிதரனிடமிருந்து வந்தது. "சகலை, கலர் போட மறந்துட்டீங்களா? வெறும் பிளாக் அண்ட் ஒயிட்டா வந்திருக்கு." பின்னால் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் ஆறு.

சுலோசனா கையைத் துடைத்தாள். படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு விஜயநகரில் போன் அடித்தது.

"ஏனுங்க, இதுல கலரு எங்க?"

"தலையில பாரு அம்மிணி. பூவுல. மூணு கோட்டு."

"பூவு வெள்ளைங்க."

"ஆமா."

"முடி கருப்புங்க."

மூன்று கோட்டும் ஒன்றன்பின் ஒன்றாய்க் காளியப்பன் கண்முன் உரிந்து விழுந்தன. மூவகை வெள்ளையை விளிம்பு பிசகாமல் பிரித்தறிந்த வேந்தன், கருப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எப்படித் தனித்துத் தெரியும் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தான்.

"அழிச்சிரு புள்ள," என்றான், ஏணி சரிந்த குரலில். "நாலு முழம் வெச்சு நின்னே. வீணாப் போச்சுது."

மறுமுனையில் சுலோசனா நாரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"சோறு உண்டீங்களா?"

"இல்ல. கலரு வராம உங்கமாட்டேன்னு சொல்லிப் போட்டேன்."

"யாருகிட்ட?"

"மல்லப்பங்கிட்ட."

"நல்லாச் சொன்னீங்க போங்க," என்றாள். "வெய்யுங்க போனை."

இப்போது எழுந்தாள் சுலோசனா. படைகள் புறங்காட்டிய களத்தில், தலைவன் வில்லைக் கீழே போட்ட வேளையில், நான்கு முழ மல்லிகை தோளில் புரள எழுந்தாள். ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தி, குழுவிலிருந்த அறுபத்து மூன்று உறவினருக்கும் கேட்குமாறு பிரகடனம் செய்தாள்:

"நல்லா உத்துப் பாருங்க தம்பி. பூவுல மட்டும் மல்லி வெள்ளை தனியாத் தெரியுது. மத்ததெல்லாம் சும்மா வெள்ளை. நல்ல போனா இருந்தாத் தெரியும். உங்க கடைப் போனுல தெரியறதில்லையாட்ட இருக்குது."

ஹனூரிலிருந்து பாப்பாத்தி அத்தை, திரை குறுக்கே விரிசல் ஓடிய தன் பழம்போனிலிருந்து முதல் அடி எடுத்து வைத்தாள்: "எனக்கு நல்லாத் தெரியுது கண்ணு. பூவு மட்டும் தூக்கலா இருக்குது." அடுத்து, போன மாதம்தான் விலையுயர்ந்த போன் வாங்கிய ஒரு சித்தப்பா விரைந்து வந்தார்: "கிளியரா தெரியுது!" அதன்பின் மழை. தெரிகிறது என்றனர், பளிச் என்றனர், கொள்ளேகாலில் ஒருவர் வாசனையே வருகிறது என்றார். சுலோசனா கூடையில் நீர் தெளித்துக்கொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தபடி இருந்தாள். இறுதியில், தான் விற்கும் கண்ணாடித் திரைகளின் மானம் தராசில் ஏறி நிற்க, மாயாவி முரளிதரன் தலைகுனிந்து தட்டெழுதினான்: "ஆமா சகலை, ஸூம் பண்ணிப் பாத்தேன். இப்பத் தெரியுது."

இதயங்கள் முப்பத்தெட்டு. கனகாம்பரத்தைவிட மூன்று குறைவு. ஆயினும் சுலோசனா அந்தப் படத்தை நான்கு முறை திறந்து பார்த்தாள் என்று இக்காவியம் பதிவு செய்கிறது.

விஜயநகரில் வெற்றிச் செய்திகள் வந்து குவிந்தன. வீரன் ஒவ்வொன்றாய் வாசித்தான், முகம் மலர்ந்தது, ஆனால் கை டப்பாவுக்குச் செல்லவில்லை. சபதம் முள்ளாய்க் குத்தியது. ஊரே கண்டது, அவன் மனம் கேட்டது: கலர் வந்ததா?

மல்லப்பன் கையைக் கழுவிக்கொண்டு, தீர்ப்பு வழங்கும் மன்னனைப் போல நாற்புறமும் கையை வீசி, முழங்கினான்:

"ஒயிட்டு கலர் இல்லன்னா, காலையிலேர்ந்து நாம இந்தச் சுவத்துக்கு அடிச்சது என்ன குரு, நீரா?"

சுவர்கள் நான்கும் சாட்சி நின்றன. உட்கூரை சாட்சி நின்றது. மூன்றாவது வெள்ளையும் சாட்சி நின்றது. வெண்தூள் படிந்த மீசையில் புன்னகை பொலிய, வெண்தூள் படிந்த கரத்தை நீட்டி, வெண்துகில் விரித்த தரையில் வெற்றி வேந்தன் காளியப்பன் சம்மணமிட்டமர்ந்து டப்பாவைத் திறந்தான்.

சித்ரான்னம் மஞ்சளாக இருந்தது.