ஸ்ராட்டர் ஒன்று உடனே அனுப்பவும்

சிவமயம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
12.09.1998

அன்புள்ள மைத்துனர் வரதராசா அறிவது,

இவ்விடம் நானும் உமது அக்கா பாலேஸ்வரியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். காரும் தன் வயதுக்குச் சுகமாகவே இருக்கிறது. அவ்விடம் நீரும் மனைவி பிள்ளைகளும் ஜேர்மனிக் குளிரைச் சமாளித்து நலமாக இருக்க வேண்டுகிறேன். உமது கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. முதல் பக்கம் முழுவதும் அன்பாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில், "அத்தான், அந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு ஒரு யப்பான் கார் எடுங்கோ, இங்கை ஜேர்மன்காரரே அதை எறிஞ்சு முப்பது வருஷமாச்சு" என்று எழுதியிருந்தீர். ஜேர்மன்காரர் எறிந்தால் எறியட்டும், அது அவர்களுடைய வீட்டு விவகாரம். நான் எறியப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சக் கடிதத்தை நீர் நிதானமாக வாசிக்கலாம்.

உமக்கு இந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இது அறுபத்தோராம் ஆண்டு ஒப்பல் றெக்கோட். எழுபத்து நாலில் எங்கள் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்த டோரின் மிஸ் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது என்னிடம் தந்தா. கணவரின் கல்லறைக்குச் சொன்னதைவிட நீண்ட பிரியாவிடை இந்தக் காருக்குத்தான் சொன்னா. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருஷம் படம் வரைந்தவன், ஒரு கோட்டைப் பார்த்தால் அது சிரத்தையாகப் போட்டதா கடமைக்குப் போட்டதா என்று எனக்குத் தெரியும். இந்தக் காரில் கடமைக்குப் போட்ட கோடு ஒன்றுமில்லை. கதவைச் சாத்தினால் ஒரேயொரு சத்தம், அதுவும் மரியாதையான சத்தம். மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைக்க இடமிருக்கிறது, எந்த ஆணியைக் கழற்றினாலும் அது ஏன் அங்கே இருந்தது என்று விளங்குகிறது. அதன் கைந்நூல் ஜேர்மன் மொழியில் இருக்கிறது. பென்சன் எடுத்த பிறகு அகராதி வைத்து எண்பத்தேழாம் பக்கம் வரை வாசித்துவிட்டேன். பதின்மூன்று வருஷம் அங்கே இருக்கிற உமக்கு 'பற்சக்கரம்' என்பதற்கு ஜேர்மன் சொல் தெரியுமோ தெரியாது, எனக்குத் தெரியும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் ஓடக்கூடிய கார்களையெல்லாம் கொளுத்தினார்கள். இது மட்டும் ஓடாமல், ஒருகொடவத்தையில் மெக்கானிக் பாயிஸின் கராஜுக்குள் படங்குக்குக் கீழே கிடந்தது, தப்பிவிட்டது. இப்படி ஒரு புத்தி எந்த யப்பான் காருக்கு இருக்கிறது என்று எனக்கு எழுதும்.

இப்போது உள்ள ஒரே குறை ஸ்ராட்டர் மோட்டர். அதன் பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது. முப்பத்தேழு வயதில் எனக்கே இரண்டு பல் போயிருந்தது, ஆகவே இதைக் குறையென்றும் சொல்லக்கூடாது. பாயிஸ் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சேர், வாகனத்துக்கு ஒண்டும் ஆகல்ல, ஸ்ராட்டர் மட்டுந்தான் மவுத்தாப் பெய்த்து, மத்ததெல்லாம் ஹயாத்தோட ஈக்கி" என்றார், செத்தது ஸ்ராட்டர் மட்டும், மற்றதெல்லாம் உயிரோடு என்று. ஆகவே மாசி மாதம் தொடக்கம் காரைத் தள்ளித்தான் கிளப்புகிறோம். தள்ளுவது உமது அக்கா. நான் ஸ்ரியறிங் பிடிக்க வேண்டும், ஒரே ஆள் இரண்டும் செய்ய ஏலாதல்லவா? கார் கிளம்பி எஞ்சின் சூடேற முதல் நிற்பாட்டினால் திரும்ப அணைந்துவிடும், எனவே அவ ஓடிவந்து ஏற வேண்டும். ஒருநாள் அவ ஏறிவிட்டா என்று நினைத்து பம்பலப்பிட்டி வரை வெங்காய விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனேன். மறுமொழி வராததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன், திரும்பிப் பார்த்தால் சீற்றில் அவவுடைய கைப்பை மட்டும் இருக்கிறது. இன்னொரு சங்கடம், சரிவான இடத்தில்தான் காரை விடலாம், அப்போது தள்ளாமல் உருட்டியே கிளப்பலாம். அதனால் சரிவில் வீடுள்ள உறவினரைத்தான் பார்க்கப் போகிறோம். உமது பெரியம்மா மகள் சிவமணி கொட்டாஞ்சேனையில் நல்ல சரிவில் இருக்கிறா, மாதம் நாலு தரம் போகிறோம், அவவுக்கே ஏனென்று விளங்கவில்லை. சமதரையில் இருக்கிற என் சொந்தத் தம்பி இரத்தினசிங்கத்தைச் சித்திரை வருஷத்துக்குப் பிறகு நான் காணவில்லை.

உமது கடிதத்தை வாசித்ததும் அக்கா துள்ளி எழும்பினா. "அம்பத்தெட்டு வயசிலை, கோல் றோட்டிலை, சனம் பாக்க நான் கார் தள்ளுறன். தீவாளிக்கிடையிலை திறப்பாலை ஸ்ராட் பண்ணினால் வைச்சிருங்கோ. இல்லாட்டி களனிக்காரனுக்குக் குடுக்கிறது குடுக்கிறதுதான்" என்று சொல்லிப்போட்டா. களனிக்காரர் என்பவர் சிங்களக் கலியாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர். இரண்டு தரம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பூமாலை போட்டு, மூக்கில் ரிபன் கட்டி, மெல்ல ஊர்கோலம் போவதற்கு! அவர் பொனற்றைத் தட்டிப் பார்த்தபோது எனக்கு என் கன்னத்தில் தட்டியது போல இருந்தது. தரமாட்டேன். தீபாவளிக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர். சொல்கிறேன். வெள்ளவத்தைப் பாலத்தடியில் ஆமியின் செக்பொயின்ற் ஒன்று இருக்கிறது. மாசி மாதம் முதல் முறை மறித்து எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார்கள். நிற்பாட்டினால் பிறகு கிளம்பாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், கேட்கவில்லை, நிற்பாட்டினேன். பிறகு நாலு ஆமிக்காரர் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில், அடுத்த சந்தி வரை தள்ளினார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர்களுடைய கோப்ரல் என்னைத் தூரத்தில் கண்டதுமே இரண்டு கையையும் விசுக்கினான். "நவத்தன்ன எப்பா, மஹத்தயா! யன்ன, யன்ன!" நிற்பாட்ட வேண்டாம், போ, போ என்று. அன்று தொடக்கம் ஏழு மாதமாக நான் நிற்கவில்லை. வரிசையில் நிற்கிற புதுக் கார்க்காரர் எல்லாரும், டொக்டர்மார் கூட, இறங்கி டிக்கி திறக்கிறார்கள், நான் போய்க்கொண்டிருக்கிறேன். சில நாளில் அவன் பக்கத்தில் ஓடிவந்து, "மேக்க மொன அவுருத்தேத?" என்று கேட்பான், இது எந்த வருஷத்துக் கார் என்று. நான் "ஹெட எக்க" என்பேன், அறுபத்தொன்று. அவன் தலையை ஆட்டுவான். வரதராசா, இந்த ஊரில் துவக்கு வைத்திருக்கிறவன் என்னிடம் கேட்கிற கேள்வி என் காரைப் பற்றியதாக இருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உமக்கு எழுதி விளங்கப்படுத்த ஏலாது. அந்தச் சந்தோஷத்தைக் களனிக்காரருக்கு நான் விற்க மாட்டேன்.

ஆகவே நீர் செய்ய வேண்டியது இதுதான். கைந்நூலில் உள்ள படத்தை நானே அளவு பிசகாமல் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே பழைய சாமான் கடைகளில் தேடி, ஒரு ஸ்ராட்டர் உடனே அனுப்பும். போன முறை ரேடியோக் குமிழை உள்பெனியனுக்குள் சுற்றி அனுப்பினது போல இதைச் சுற்றி ஒளித்து அனுப்ப வேண்டாம். கம்பி சுற்றின இரும்புக் குண்டு ஒன்று உள்பெனியனுக்குள் இருந்து எயார்போட்டில் வெளிப்பட்டால் அதற்கு விளக்கம் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. வெளியில் பெரிய எழுத்தில் 'கார்ச் சாமான்' என்று எழுதும். யப்பான் கார் பற்றி இனி எழுத வேண்டாம்.

உமக்கும் மனைவிக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகள் தமிழும் மறக்காமல், அந்த நாட்டுப் படிப்பிலும் முன்னுக்கு வந்து, நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழப் பிள்ளையார் துணை.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
சி. கதிர்காமநாதன்

பின்குறிப்பு (16.09.1998): ஸ்ராட்டர் அனுப்ப வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட முதல், பாயிஸ் பழைய வாகன யாட் ஒன்றில் இதே மாதிரி ஒரு ஸ்ராட்டரைக் கண்டெடுத்து நேற்றுப் பூட்டிவிட்டார். திறப்பைத் திருகினேன், ஒரே திருகலில் கிளம்பியது. அக்கா கைதட்டினா. இரண்டு பேருமாகப் போனோம். செக்பொயின்றில் கோப்ரல் வழமை போலக் கையை விசுக்கினான். எனக்குப் பெருமை பொறுக்கவில்லை. நானாகவே நிற்பாட்டி, எஞ்சினை அணைத்து, அவன் பார்க்கத் திரும்பவும் கிளப்பிக் காட்டினேன். அவனுக்கும் சந்தோஷம், "ஹரி ஷோக்", நல்ல ஜோர் என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஒழுங்காகக் கிளம்புகிற காரை ஓரமாக எடுக்கச் சொன்னான். ஏழு மாதத்தில் முதல் தடவையாக என் பெயரைக் கேட்டான். சொன்னேன். அடையாள அட்டையைக் கேட்டான். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், சாவகச்சேரி என்று இருக்கிறது, அதுவே போதும். இரண்டு பேரையும் பொலிஸ் ஸ்டேசனில் மூன்று மணித்தியாலம் வாங்கில் இருத்தி வைத்து, பின்னேரம் விட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அக்கா எனக்கு முன்னம் போய்க் காரில் ஏறினா. ஏறிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா:

"நேரே பாயிஸிட்டை விடுங்கோ. அந்தச் சாமானைக் கழட்டட்டும். நான் தள்ளுறன்."