உயிரோடிருப்பவனுக்கு அடித்த மணி

திருகோணமலை,
உட்துறைமுகப் பக்கம்,
செவ்வாய்க்கிழமை.

கனம் இராகுலன் போதகர் அவர்களுக்கு,

நான் உயிரோடு இருக்கும்போது எனக்குச் சாவுமணி அடிக்கப்பட்டது. அடிக்கப்பட்ட இடம் நமது துறைமுகச் சிற்றாலயத்தின் தாய்மார் அறை. இதுதான் எனக்கு இழைக்கப்பட்ட அநீதி. மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

கர்த்தருடைய கிருபையால் நீங்களும் பிள்ளைகளும் மட்டக்களப்பில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி ஊரில் வேறு கதை உலாவுவதால் நானே எழுதுகிறேன்: முழங்கால் வீங்கியிருக்கிறது, மற்றப்படி இருக்கிறேன். நீங்கள் என் தங்கச்சியின் மகன்தான். ஆனாலும் இது முறைப்பாடு; சனிக்கிழமை இங்கே கூடும் கமிட்டியில் தலைவர் என்ற முறையில் நீங்கள் வாசிக்க வேண்டியது. ஆகையால் உங்களை 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். மாமனாக எழுதும் நாளில் 'நீர்' என்று எழுதுவேன்.

தாய்மார் அறை நீங்கள் இங்கே போதகராக இருந்தபோது தொடங்கிவைத்த ஊழியம். துறைமுகத்து ஒழுங்கைகளில் தனியே பிள்ளை வளர்க்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். ஒருத்தியின் புருஷன் மறியற்சாலையில், ஒருத்தியின் புருஷன் தூள் போதையில், இன்னொருத்தியின் புருஷன் வெளிநாடு போய் இரண்டு மாதம் கதைத்துவிட்டு நம்பரை மாற்றிவிட்டான். விடியுமுன் மீன் இறங்குதுறைக்குப் போய் மீன் தெரிந்து பிரித்து, வெயில் ஏறியபின் பிள்ளைகளோடு வந்து சேருவார்கள். கஞ்சி, பிள்ளைகளைக் குளிப்பாட்டத் தண்ணீர், சிறிய ஜெபம், மதியம்வரை ஒரு பாய். வேதமும் வாசிப்பும் நானாகப் படித்துக்கொண்டவன் நான். பசித்தவனுக்குப் போசனம் கொடு என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கஞ்சியை நான் எதிர்த்தவன் அல்ல என்பதைக் கமிட்டி குறித்துக்கொள்ளட்டும். நான் எதிர்த்தது அந்த அறையைக் கொடுத்ததை. அது மணிக்கயிறு இறங்கும் அறை. முகட்டு ஓட்டையால் கயிறு இறங்கிச் சுவர்க் கொளுக்கியில் நிற்கும். துறைமுக இழுவைப் படகில் வேலை செய்த கையால் நானே முறுக்கிப் பின்னிய கயிறு; மணி அடிப்பவனும் நானே. அறையைக் கொடுத்த அன்றே சொன்னேன், கயிறு இருக்கிற இடத்தில் பிள்ளைகள் இருந்தால் ஒருநாள் வினை வரும் என்று. ஊழியக்காரப் பிள்ளை துஷாந்தி சிரித்துக்கொண்டு, "அங்கிள், கயிறுக்கும் பிள்ளையளுக்கும் என்ன சண்டை?" என்று கேட்டாள். இப்போது கேட்கட்டும்.

நமது மணியின் ஒழுங்கு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், சைவருக்கும் சோனகருக்கும் கூட. ஆராதனைக்கு விடாமல் அடிப்பது. சாவுக்கு ஒன்று அடித்து நிறுத்தி, நெடுநேரம் விட்டு, இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை காலை நான் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக் கதிரையில் காலைத் தூக்கி வைத்திருக்கையில் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. யாரோ போய்விட்டார்கள், எனக்குச் சொல்லாமல் மணியை யார் தொட்டது என்று கோபத்தோடு எழும்பப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. அதே நேரத்தில் சந்திக் கடையில் நடந்ததைக் கடைக்கார அபூதாஹிர் பிறகு எனக்கு ஒளிக்காமல் சொன்னார். "இது ஐசக் அண்ணன் அடிக்கிற அடி இல்ல" என்று ஒருவர் சொன்னாராம். "ஓம், அவர் அடிச்சாச் சீரா இருக்கும். இது பழக்கமில்லாத கை." "அப்ப அவர் ஏன் அடிக்கேல்ல?" அபூதாஹிர் சாவு வீடென்று என் வீட்டுக்குக் கொண்டுவரச் சீனி நிறுக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் வந்தவள் என் மச்சாள் தங்கேஸ்வரி. கேற்றடியிலேயே தலையில் கைவைத்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "தங்கேஸ்வரி, நான் இஞ்ச நிக்கிறன்" என்றேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ அத்தான், தொடங்கிப்போட்டன்" என்று சொல்லி, என்னைப் போல நேர்மையான மனுஷன் துறைமுகத்தில் பிறக்கவில்லை என்ற இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்த நல்ல வார்த்தைகளில் ஒன்றைக்கூட அதுவரை என் முகத்துக்கு நேரே அவள் சொன்னதில்லை. முடித்தபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செத்த ஆளுக்குச் சொன்னது, உங்களுக்கு இல்லை" என்று எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டாள். அதற்குள் அபூதாஹிர் சீனியும் தேயிலையுமாக வந்து, என்னைக் கண்டு, பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து முற்றத்தில் இறங்கின. கதிரைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்ப கதிரையள் வேண்டாமோ?" என்றான், நான் வாக்குத் தவறியவன் மாதிரி. பொல்லை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். வந்தவர்களும் திரும்பிப் போகாமல் பின்னால் வந்தார்கள். என் இறுதி ஊர்வலத்தில் நானே முன்னால் நொண்டிக்கொண்டு போனேன். அப்போதும் மணி நிற்கவில்லை.

அறையில் இருந்தவள் புஷ்பவதி. சல்லிக் கிராமத்துச் சைவப் பெண், புருஷன் மறியலில். கொளுக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றி, அதில் தன் மஞ்சள் சேலையால் ஏணை கட்டி, தன் பெண் குழந்தை யசோதராவைக் கிடத்தி ஆட்டிக்கொண்டிருந்தாள். கூரைக்கு மரவளை இல்லை, எல்லாம் இரும்புக் குழாய், எட்டாது. தொங்கிக்கொண்டிருந்தது கயிறு மட்டும். துஷாந்தி வேறொரு தாயோடு கிளினிக் போயிருந்தாள். ஏணை ஒருமுறை போய்வர மணி ஒன்று.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

அவள் வாயில் விரலை வைத்தாள். "மெல்லக் கதையுங்கோ ஐயா. இப்பதான் கண் அயர்ந்தவள்."

"மணி அடிக்குது, கேக்கேல்லையோ?"

"ஓம் ஐயா. கோயில் மணிதானே, நல்லதுதானே? காய்ச்சல் துவங்கினதில இருந்து பிள்ளை நித்திரை இல்லை. மணிச் சத்தத்திலதான் அடங்கினவள்."

"அது சாவுமணி" என்று சொன்னேன். உரத்துத்தான் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் பிள்ளையை ஏணையிலிருந்து பிடுங்கி எடுத்தாள், நெருப்பிலிருந்து எடுப்பதுபோல. சேலையை அவிழ்க்காமல், செருப்பும் போடாமல் போய்விட்டாள். பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் மணி இழுத்தபோது அந்த மஞ்சள் சேலை கொடிபோல ஏறி ஏறி இறங்கியது. சபையார் கதவால் எட்டிப் பார்த்தார்கள். அவிழ்க்க முயன்றேன், வரவில்லை. என் வாழ்நாளில் கப்பல் கயிற்றில் நான் அவிழ்க்காத முடிச்சு இல்லை. இது பாரத்தில் இறுகி நனைந்து காய்ந்த முடிச்சு. வெட்டலாம் என்றால் சேலை பிறத்தியாருடையது.

நேற்று துஷாந்தி வந்து என் முன்னால் நின்றாள். "அங்கிள், புஷ்பவதி இனி வரமாட்டாவாம். சாவு மணியில பிள்ளையைக் கட்டித் தொங்க விட்டிட்டன், இனி என்ன நடக்குமோ எண்டு அழுறா. கிளினிக்கில மருத்துவமாது பிள்ளைக்கு நிறை குறையுது எண்டு பேசினவ. இஞ்ச வந்தாலாவது கஞ்சியும் நித்திரையும் இருக்கும். நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சால்…"

"நான் ஏன் கதைக்க வேணும்? செத்தது நான்" என்றேன்.

"அந்தப் பிள்ளை செத்திடுமோ எண்டுதான் எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனாள். பெரியவர்களோடு கதைக்கும் முறை இதுவா என்று கமிட்டி அவளைக் கேட்க வேண்டும்.

ஆகையால் என் கோரிக்கைகள் இவை. தாய்மார் அறையைக் கமிட்டி சனிக்கிழமையே பூட்ட வேண்டும். வேறு இடம் கிடைக்கும்வரை ஊழியம் நிற்கட்டும். சேலையைக் கட்டியவளே வந்து அவிழ்க்க வேண்டும். துஷாந்தி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். நான் உயிரோடிருப்பதை நீங்கள் ஞாயிறு ஆராதனையில் அறிவிக்க வேண்டும். சபையின் மூத்த அங்கத்தவன் கேட்டதைக் கமிட்டி இதுவரை மறுத்ததில்லை, இனியும் மறுக்காது என்று அறிவேன்.

உங்கள் ஊழியமும் வீடும் சமாதானத்தில் தங்கி, உங்கள் பிள்ளைகள் ஒலிவக் கன்றுகளாய் வளர ஜெபிக்கும்,

ஐசக் கதிரவேல்
(உயிருடன்)

பின்குறிப்பு, புதன்கிழமை.

மருமகன், கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபாற்கந்தோர் திறக்குமுன் இறங்குதுறைக்குப் போனேன். மீன் வாங்கத்தான். புஷ்பவதி அங்கே சாளை மீனைத் தெரிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐஸ் போடும் வெள்ளைப் பெட்டி. அதற்குள் சாக்கை மடித்துப் போட்டு யசோதரா கிடந்தாள். அழவில்லை. அழச் சீவன் இல்லாத பிள்ளையை நீர் பார்த்திருப்பீர். ஈ கண்ணில் இருந்தது. அதைத் தட்டவும் பிள்ளை கையைத் தூக்கவில்லை.

"உன்ர சீலை எங்கட கயிறில தொங்குது. வந்து அவிழ்" என்றேன்.

"நீங்களே வெட்டிப் போடுங்கோ ஐயா. எனக்கு அது வேண்டாம்."

"கட்டின ஆள்தான் அவிழ்க்க வேணும்."

"அது சாவு மணி எண்டனீங்கள்."

"ஆருக்கு அடிச்சது?"

"உங்களுக்கு எண்டுதான் சனம் கதைச்சது."

"நான் செத்தனானோ?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பொல்லிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். "இல்லை" என்றாள், நிச்சயமில்லாத குரலில்.

"அப்ப பிறகென்ன? எனக்கெண்டு அடிச்ச மணி எனக்கே ஒண்டும் செய்யேல்ல. பிள்ளைக்கு என்ன செய்யும்? எழும்பு."

பெட்டியை நான் தூக்கினேன், பிள்ளையோடு. முழங்காலைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அறைக்கு வந்து துஷாந்தி கொடுத்த கஞ்சியை இருவரும் குடித்தார்கள். பிள்ளை பாதியைத் துப்பி மீதியைக் குடித்தாள். அவிழ்க்குமுன் ஒருக்கா ஆட்டட்டுமா என்று புஷ்பவதி கேட்டாள். ஒருக்காத்தானே என்றேன். ஆட்டிக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். ஏணை மெதுவாகி நிற்கப் போக, பிள்ளை முகத்தைச் சுருக்கிற்று. துஷாந்தி குசினியில். வேறு ஒருவரும் இல்லை. கயிற்றில் கைவைத்தேன். என் கை ஆகையால் மணி சீராக அடித்தது. அதுதான் பிழையாய்ப் போனது. நான் அடித்தால் உண்மையான சாவு என்று ஊருக்குத் தெரியும். தங்கேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டே வந்தாள். கதிரைக்காரன் இம்முறை கேட்டுவிட்டு ஏற்றலாம் என்று வெறும் கையோடு வந்தான். அபூதாஹிர் கதவடியில் நின்று, "அண்ணன், இண்டைக்கு ஆரு மௌத்து?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை. மெல்லக் கதையும், பிள்ளை நித்திரை" என்றேன்.

எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எட்டிப் பார்த்துப் போனார்கள். தங்கேஸ்வரி மட்டும் நின்று, "இதை முதலே செய்திருந்தா நான் அண்டைக்குத் தொண்டை நோக அழுதிருக்க மாட்டன்" என்றாள்.

எழுதினதைத் திருப்பி எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உமக்குத் தெரியும். ஆகையால் மேலே உள்ளது அப்படியே நிற்கட்டும். நீர் அதைக் கமிட்டியில் வாசிக்காமல் இதை மட்டும் வாசியும். அறையைப் பூட்டக் கூடாது. அதற்குக் கமிட்டி கைதூக்க வேண்டும், முதலில் நீர் தூக்க வேண்டும். தச்சன் கோணேஸ்வரன் அறைக்குக் குறுக்காக ஒரு முதிரை மரவளை போட வேண்டும், ஏணைகளுக்கு. அது வரும்வரை கயிறு பிள்ளையுடையது. ஆறுதலாய் அடிக்கும் மணி சாவுக்கல்ல என்று நீர் ஆலயத்தில் அறிவியும், கடைக்கு வருகிறவர்களுக்கு அபூதாஹிர் சொல்லட்டும். துஷாந்தி விளக்கம் ஒன்றும் எழுதத் தேவையில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் கைபிடியுள்ள கதிரை ஒன்று போட வேண்டும், முழங்காலோடு நெடுநேரம் நிற்க எனக்கு ஏலாது. புஷ்பவதி செய்ய வேண்டியது நாளைக்கும் வருவது.

நான் உண்மையாகவே போகிற அன்று நீர் மட்டக்களப்பிலிருந்து வந்து அடக்க ஆராதனையை நடத்தும். ஆனால் பிள்ளை நித்திரை என்றால் மணியைத் தொட வேண்டாம். அபூதாஹிர் கடையில் ஒருவார்த்தை சொல்லிவிடும், போதும்.