ஷேக் பிழைத்துக்கொண்ட வருடம்

கவிஞர்களில் காதலியைப் பாடுகிறவர் உண்டு, கடவுளைப் பாடுகிறவர் உண்டு, மந்திரி மாறினால் பாட்டில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறவரும் உண்டு. இவர்களையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே பார்க்கப்போவது இரங்கற்பாக்காரரை. ஆள் போன பிறகுதான் இவருக்கு வாய் திறக்கும்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நோயாளி வீட்டுக்குள் நுழையும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார், சலாம் சொல்வதற்கு முன்பே டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரிப்பார், கட்டிலருகே இருக்கும் மருந்துப் புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று ஓரக்கண்ணால் அளப்பார், பிறகு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட மனுஷரா இருந்தீங்க!" என்று உருகிவிட்டு, எதிரே இருப்பவர் இன்னும் மூச்சு விடுகிறார் என்பது நினைவுக்கு வந்ததும் இரண்டு முறை இருமுவார். கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. முன்கூட்டியே தயாராக இருப்பவர், அவ்வளவுதான்.

கெய்ரோவில் இந்த இனம் எப்போதும் உண்டு. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் அது பெருகியதைப் போல வேறு எந்த வருடமும் பெருகியதில்லை. காரணம் காகிதம். போரில் கப்பல்கள் கடலுக்கடியில் போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு காகிதமும் போனது. பன்னிரண்டு பக்கப் பத்திரிகை நான்கு பக்கமாக இளைத்தது. முதலில் தொடர்கதையை நிறுத்தினார்கள். பிறகு விமர்சனத்தை நிறுத்தினார்கள். அதை விமர்சகர்களைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் கவிதையையும் நிறுத்தினார்கள். ஒரே ஒரு விலக்கு: பெரிய மனிதர் யாராவது மவுத்தாகி, நாற்பதாம் நாள் நினைவுக் கூட்டம் நடந்தால், அங்கே முதலில் படிக்கப்படும் பாட்டு மறுநாள் பத்திரிகையில் அரைப் பத்தி வரும். இரண்டாவதாகப் படிக்கிறவருக்குச் சர்க்கரை போடாத காப்பி மட்டும்தான்.

பிறகு கேட்கவா வேண்டும்? நாவல் எழுதினவர் இரங்கற்பாவுக்கு வந்தார், நாடகம் எழுதினவர் வந்தார், இலக்கணம் எழுதினவர்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். எகிப்தின் இலக்கியம் முழுவதும் அந்த வருடம் சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ரம்சி அஃபந்தி. பாசன இலாகாவில் எழுத்தர். தர்பூஷ் தொப்பி, தேய்ந்த காலர், நெஞ்சுப் பையில் எப்போதும் ஒரு பாட்டு. எல்லா நாற்பதாம் நாளுக்கும் போவார். ஆனால் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் அழைப்பு வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், அல்லது விமானத் தாக்குதல் சங்கு ஊதி மீதிப் பேரும் ஓடியிருப்பார்கள். தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அது அன்றுவரை நிறைவேறவில்லை.

இந்த நிலையில்தான் கோடை தொடங்கியபோது ஷேக் அப்துல் தவ்வாப் படுக்கையில் விழுந்தார். நாடே அறிந்த பெரும் கவிஞர். ரம்சிக்கு அவர்மேல் உயிர். இதில் பொய் ஒரு துளிகூடக் கிடையாது. அவருக்குக் காய்ச்சல் என்று கேட்ட அன்றே ரம்சி அழுதார். அழுத கையோடு உட்கார்ந்து, பாசன இலாகாவின் பழைய கால்வாய் வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் அறுபது அடி எழுதினார்.

அதை அவர் படிக்க, மனைவி இன்சாஃப் கேட்டாள். அசந்துபோனாள்.

"என்னங்க, இது நல்லா இருக்கே!"

"ஏன் அப்படி ஆச்சரியப்படுறே?"

"இத்தனை வருஷத்துல நீங்க எழுதுனது ஒண்ணுகூட எனக்குப் புடிச்சதில்லியே, அதான். இதை எப்பப் போடுவாங்க?"

"ஷேக் மவுத்தான பிறகு."

"அஸ்தக்ஃபிருல்லா! வாயைக் கழுவுங்க. அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்."

"அவர் நல்லா இருக்கணும்னுதான் அஞ்சு வேளையும் துஆ கேக்குறேன். ஆனா..."

"என்ன ஆனா?"

"ஒண்ணுமில்ல. டீ இருக்கா?"

ஷேக் பிழைத்திருக்கும்போதே அச்சேற்றிப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஹலீமிடம் போனார். ஹலீம் பாட்டைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அருமையா இருக்கு உஸ்தாத். ஆனா உயிரோட இருக்கறவங்களுக்கு நம்மகிட்ட இடம் கிடையாதே."

"அப்ப ஒரு நல்ல மனுஷனைப் பத்தி நல்லதாச் சொல்ல வழியே இல்லையா?"

"வழி இருக்கே. அவர் மனசு வைக்கணும். வெச்சார்னா இதுதான் முதல் பாட்டு, என் வாக்கு."

முதல் பாட்டு! அன்று முதல் ரம்சி தினமும் சாயங்காலம் ஷேக் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். பாசத்தினாலா, பாட்டினாலா? அவரையே கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை பிறந்தது. ஜெர்மன் படை எகிப்துக்குள் புகுந்து அலமைனுக்கே வந்துவிட்டது என்றார்கள். ரயிலில் நிற்க இடமில்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் கோப்புகளைத் தோட்டத்தில் குவித்து எரித்தார்கள். பாதி எரிந்த தாள்கள் தெருவெல்லாம் பறந்தன. ஊர் முழுவதும் நாளை என்ன ஆகும் என்று நடுங்கியபோது, காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த கவிஞர்கள் வானத்தைப் பார்த்து, "அடப்பாவி, அத்தனையும் நல்ல காகிதம்!" என்று வயிறெரிந்தார்கள். ரம்சிக்குக் கவலை வேறு. ஜெர்மன்காரன் வந்தால் பத்திரிகையை மூடிவிடுவான். அப்புறம் ஷேக் எப்போது மனசு வைத்து என்ன?

அன்று மாம்பழம் வாங்கிக்கொண்டு போனார். ஷேக்கின் மகள் நஃபீஸா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

"வாங்க அஃபந்தி! இன்னிக்கு வாப்பா மொலோகியாக் கீரைக் குழம்பு ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ரம்சி. மனதாரத்தான் சொன்னார். முகம்தான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

ஷேக் தலையணையில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சலாம் சொன்னவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உக்காரு. படி."

"எதைப் படிக்கறது, ஷேக்?"

"நெஞ்சுப் பையில வெச்சிருக்கியே, அதை. மூணு வாரமா எம்முன்னால உக்காந்து நெஞ்சைத் தடவித் தடவிப் பாக்குறே. ஒண்ணு உனக்கு நெஞ்சுவலி, இல்லேன்னா எனக்குப் பாட்டு. நானும் இந்தத் தொழில்லதானே கிழவனானேன்? படிடா."

ரம்சி தர்பூஷைக் கழற்றி மடியில் வைத்தார். வேறு வழியில்லை. வரைபடத்தை விரித்தார். உயிரோடு இருக்கும் மனிதர் முன்னால் "போய்விட்டாயே" என்று தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. போகப் போகக் குரல் நிலைத்தது. கழுதை வண்டிக்காரனை நிறுத்தி வைத்துக் கவிதை சொன்ன ஷேக், பிச்சைக்காரனுக்குச் செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ராஜ விருந்துக்குப் போன ஷேக் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. இளைஞன் ஒருவன் முதன்முதலாக மேடையேறிப் படிக்கிறான். சபை முழுவதும் சிரிக்கிறது. ஒரே ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டுகிறார்.

ரம்சி நிமிர்ந்து பார்த்தார். கிழவர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது மறந்தே போச்சு" என்றார் ஷேக்.

"எனக்கு மறக்கல."

"அப்ப இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?"

"சந்தர்ப்பம் வரல, ஷேக்."

"நான் செத்தாத்தான் உனக்குச் சந்தர்ப்பமா? நாப்பதாம் நாள் நீ மேடையில நின்னு கத்துவே, ஊரே கேக்கும். கேக்க வேண்டியவன் மண்ணுக்குள்ள கெடப்பேனே!"

ரம்சிக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பெரிய நிம்மதியாகவும் இருந்தது. இந்த அறுபது அடியும் இந்த ஒரு மனிதர் கேட்பதற்காகத்தான் எழுதப்பட்டன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஷேக் கையை நீட்டி வரைபடத்தை வாங்கி, மடித்து, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு எழுதுனது. என்கிட்டயே இருக்கட்டும். நடுவுல ஒரு அடி தளந்து கெடக்கு, நான் சரி பண்ணிக்கறேன்." பிறகு தொண்டையைச் செருமினார். "உனக்கும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்."

"எனக்கா?"

"போன குளிருக்கு விடாம இருமுனே பாரு, அப்ப எழுதுனது. எட்டு அடி."

நாட்டின் பெருங்கவிஞர் தன்னைப் பாடியிருக்கிறார்! ரம்சி எழுந்தே நின்றுவிட்டார். மறுகணம் கணக்கு உறைத்தது.

"எட்டே எட்டா? நான் அறுபது எழுதியிருக்கேனே!"

"நான் என்னடா செய்ய? நீ இதுவரைக்கும் செஞ்சது அவ்வளவுதான். இனிமே ஏதாச்சும் செய், கூட்டிப் போடறேன்."

"சரி, அதைப் படிங்களேன்."

"அதெப்படி? அதுக்கு நீ மவுத்தாகணுமே."

"இப்பத்தானே என்னைத் திட்டுனீங்க?"

"திட்டுனது நியாயம்தான். ஆனா பழக்கத்தை மாத்திக்க எனக்கு வயசு இல்லே. மாம்பழத்தை வெட்டு."

ஜெர்மன்காரன் வரவில்லை. ஷேக் போகவில்லை. குளிர்காலத்தில் பீரங்கிச் சத்தம் மேற்கே நகர்ந்தபோது, கிழவர் கன்னம் உப்பி, விளக்கு வெளிச்சம் விமானத்துக்குத் தெரியாமலிருக்க ஜன்னல்களுக்கு நீலச் சாயம் அடித்த காப்பிக் கடையில் தினமும் வந்து உட்கார்ந்தார். அந்த வருடம் எகிப்தில் எழுதப்பட்ட மிக நல்ல பாட்டு அச்சாகவே இல்லை. ரம்சிக்கு அதைப் பற்றி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவரை அரித்ததெல்லாம் அந்த எட்டு அடிதான். சிகரெட்டை விட்டார். பால் குடித்தார். யாரைப் பார்த்தாலும் ஏதாவது நல்லது செய்யலாமா என்று கேட்டார். எல்லாம் எட்டை ஒன்பதாக்கத்தான். ஆனாலும் அவர் காப்பிக் கடையில் தும்மினால் போதும், எதிரே இருக்கும் கிழவரின் கை தானாக நெஞ்சுப் பைக்குப் போகும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் படுத்திருந்த சிநேகிதரைப் பார்க்கப் பழத்தோடு போனீர்களே, திரும்பி வரும் வழியில் "எப்பேர்ப்பட்ட மனுஷர்" என்று ஒரு வாக்கியம் மனதில் உருண்டதே, அதை அவரிடம் சொன்னீர்களா? இல்லையல்லவா? பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். போகட்டும். ஆனால் அடுத்த முறை உங்களுக்கு இருமல் வந்து, அவர் பழத்தோடு வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும்போது, அவருடைய மற்றொரு கை எங்கே போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.