செம்பருத்திக்குச் சிவப்புச் சாயம்

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த மறுநாளே செம்பருத்தி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

பெயின்டர் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அவர்; எழுத்து கோணினால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். செடி அப்படியா?

போகும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் வர்றப்போ அது பூத்திருக்கணும். வருவேனான்னு எனக்கே தெரியாது. ஆனா பூத்திருக்கணும்."

இதயத்தில் கத்தி வைப்பதைப் பற்றி டாக்டரும் உதட்டைப் பிதுக்கித்தான் பேசியிருந்தார்.

கூடவே இருக்கிறேன் என்று இவர் கெஞ்சாமல் இல்லை. "நீங்களா? எனக்குப் பல்லைப் பிடுங்கினப்போ மயங்கி விழுந்தது யாரு?" என்று கேட்டுவிட்டுத் தன் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். கிளம்புகிற அவசரத்திலும் ஒரு பாத்திரம் வெந்நீரோடு தோட்டத்துப் பக்கம் போய்வந்தாள். கால் கழுவத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். இலை மஞ்சளானது.

"வேர் அழுகியிருக்கும், தண்ணிய நிறுத்துங்க," என்றார் நர்சரிக்காரர். நிறுத்தினார். இலை கருகியது.

"சரி, ஒரு கைப்பிடி உரம் போடுங்க." மனைவி மேல் இருந்த பிரியத்தில் அரை மூட்டையைக் கவிழ்த்தார். மிச்சமிருந்த இலைகளும் ராஜினாமா செய்தன.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், "செடி எப்படி இருக்கு?" என்பாள்.

"ஜோரா இருக்கு," என்பார். பொய் முகத்தில் தெரிவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அண்ணே, அதை விட்டுடுங்களேன்."

"விடறதா? உயிரும்மா!"

"செடியா, அக்காவா?"

பெயின்டர் குனிந்து, உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஆபரேஷன் அன்று காலை தண்டைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சையே இல்லை. பிணத்தைத் தூக்குவதுபோல் பிடுங்கிப் போட்டார். நர்சரிக்கு ஓடினார், மொட்டு விட்ட புதுச் செடியோடு திரும்பினார், குழி தோண்டினார், நட்டார். மண்ணை மிதித்து நிமிர்ந்தபோது போன் அடித்தது.

மனைவியின் அக்கா. "முடிஞ்சுது. கண்ணு முழிச்சிட்டா."

ஆபரேஷன் என்று ஒன்று நடந்துகொண்டிருந்ததே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அவள் வீடு திரும்பும் அன்று மொட்டு விரிந்தது. மஞ்சள்!

பெயின்டர் தொழில்காரர். சிவப்பைக் குழைத்தார், மெல்லிய தூரிகையால் இதழ் இதழாகத் தீட்டினார். கைப்பழக்கத்தில், பலகையில் எழுத்துக்குப் போடுகிற கறுப்பு நிழலையும் ஓரத்தில் போட்டுவிட்டார்.

வண்டியை விட்டு இறங்கியவள், நெஞ்சைப் பிடித்தபடி நேரே தோட்டத்துக்கு வந்தாள். இதழைத் தொட்டாள். விரல் சிவந்தது. பூவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

பெயின்டர் உடைந்துபோனார். "மன்னிச்சிடும்மா. உன் செடியை நான் கொன்னுட்டேன்."

அவள் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பினாள். மதிலுக்கு மேலே ஒரு தொட்டி எழுந்தது; அதில் தளதளவென்று ஒரு சின்னச் செம்பருத்தி. பின்னாலேயே டீச்சரின் முகம்.

"நீங்க எங்கண்ணே கொன்னீங்க? 'ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா இந்த மனுஷன் எனக்கு முன்னாடி போயிடுவாரு, கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும்'னு சொல்லி, செடியிலேர்ந்து ஒரு குச்சியை ஒடிச்சு என்கிட்ட நடக் குடுத்துட்டு, வேர்ல கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊத்தினதே இதோ நிக்கிற அக்காதான்!"