கப்பலா, விமானமா?

உலகத்தில் முடிவெடுப்பவர்கள் உண்டு. முடிவெடுக்கத் தெரியாதவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியும். அதற்கு முன்னால் ‘எதுக்கும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துடுவோம்’ என்பார்கள். அங்கேதான் வினை. பற்பசை வாங்கக் கடைக்குப் போய், இரண்டு டப்பாவின் முதுகையும் மாறி மாறிப் படித்து, கடைக்காரர் கதவை இழுக்கும்போது வெறுங்கையோடு வீடு திரும்பி, மறுநாள் காலையில் உப்பைத் தொட்டுப் பல் விளக்குகிறார்களே, அவர்கள்தான்.

இந்த இனத்தின் அசல் சரக்கு ஒருவர், கூடாரம் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே தையல் வேலை பார்க்கும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. அது அவர் காதுக்கு எட்டியபோது கோபப்படவில்லை. முன்பு வைத்திருந்த பட்டப்பெயரோடு சேர்த்துப் பார்த்தார். இதுவே கௌரவமாகத் தோன்றியதால் விட்டுவிட்டார்.

பட்டறைக்கு முதல் வெளிநாட்டு ஆர்டரைப் பிடித்தது அவர் மனைவி. அடுப்பில் பால் பொங்கப் பொங்க ஃபோனில் பேசி, மாதிரிக் கூடாரம் அனுப்பி, குறை சொன்ன இடத்தையெல்லாம் பிரித்துத் தைத்து, மெனக்கெட்டுப் பிடித்த ஆர்டர். அந்த நாட்டில் ஒரு பெரிய கண்காட்சி. அது தொடங்குவதற்குள் கூடாரங்கள் வந்துவிட்டால், இனி வருஷா வருஷம் உங்களிடமே வாங்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு அது வெறும் வியாபாரம் இல்லை. புடவை முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாமே கணவரின் ஒப்பீட்டில் ஊறிக் கிடந்த வாழ்க்கையில், தானாகத் துணிந்து செய்த முதல் காரியம் அது.

கூடாரங்கள் தயாராகிவிட்டன. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அம்மாளின் தம்பி சரக்கு அனுப்பும் ஏஜென்ட். அவர் வந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

“கப்பல்ல போட்டா இந்த வாரமே ஏத்திடணும் மாமா. மெதுவாப் போகும், ஆனா நேரத்துக்குப் போயிடும். விமானம்னா அப்புறம்கூட அனுப்பலாம், செலவுதான் எகிறும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு எப்படி மாப்ளே சொல்ற? உள்ள இறங்கிப் பாக்க வேணாமா?”

இறங்கினார். பட்டறைச் சுவரில் ஒரு பலகையை மாட்டி, ஒரு பக்கம் கப்பல், மறு பக்கம் விமானம் என்று எழுதி, கடல் காற்றில் துணி பூஞ்சை பிடிக்குமா, துறைமுகத்தில் பெட்டி எத்தனை பேர் கைமாறும், விமானத்தில் ஏற்றும்போது எறிவார்களா வைப்பார்களா, எறிந்தால் எந்த உயரத்திலிருந்து என்று கண்ணில் பட்ட எல்லோரையும் கேட்டு எழுதினார். தண்ணீர் கேன் போட வந்தவரும் தப்பவில்லை. விமானக் கம்பெனிக்காரர்கள் பெட்டியின் எடையையும் பார்ப்பார்கள், அது அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள் என்று மைத்துனர் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அவர்களும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களே என்று ஒரு சொந்தம் வந்துவிட்டது.

கப்பலுக்கும் விமானத்துக்கும் மைத்துனர் வாங்கித் தரும் கட்டண விலை கொஞ்ச நாள்தான் செல்லும். கப்பல் விலையை இவர் அலசி முடிப்பதற்குள் விமான விலை காலாவதியாகிவிடும். புது விமான விலை வந்தால் கப்பல் விலை பழசு. பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமா? மறுபடி முதலிலிருந்து.

“ஏங்க, கப்பல் இன்னிக்குக் கிளம்புதாம். ஏத்தச் சொல்லவா?”

“போகட்டுமே. பின்னாடி இன்னொண்ணு வரும். ரெண்டையும் வச்சுப் பாத்துக்கலாம்.”

“கண்காட்சிக்குப் பின்னாடி இன்னொண்ணு வராதுங்க.”

இப்படிக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில், அம்மாள் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்த ஒரு காலையில், தராசுக்கு ஞானம் பிறந்தது. கனமான பொருளுக்குக் கப்பல் மேல், லேசான பொருளுக்கு விமானம் மேல். இதில் சண்டை எங்கே இருக்கிறது? கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். துணியெல்லாம் ஒரு லாரியில் ஏறி விமான நிலையத்துக்குப் போயிற்று. கூடாரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய்களெல்லாம் இன்னொரு லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போயின. மைத்துனர் வெளியூரில் இருந்தார். அவர் ஆபீஸில் இருந்தவர்கள் இவர் சொன்னபடி செய்துவிட்டார்கள்.

“அனுப்பியாச்சு,” என்றார், மனைவி பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்.

“அப்பாடா. எதுல?”

“ரெண்டுலயும். துணி விமானத்துல, குழாய் கப்பல்ல. செலவு எவ்வளவு மிச்சம் தெரியுமா?”

அம்மாள் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். “குழாய் இல்லாம கூடாரம் எப்படிங்க நிக்கும்?”

தராசு பலகையைப் பார்த்தார். அந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை.

மைத்துனர் தலைகீழாக நின்று பார்த்தார். கப்பல் புறப்பட்டுவிட்டது. கண்காட்சி நடக்கும் ஊரிலேயே குழாய் வாங்கிப் பார்த்தார்கள், குழாய்களை இணைக்கும் பூட்டுகள் பொருந்தவில்லை. கண்காட்சி முடிந்த பிறகுதான் பதில் வந்தது: துணி தரமானது, கீழே விரித்து உட்கார்ந்துகொண்டோம், மிக்க நன்றி, இனி வேண்டாம்.

அம்மாள் தையல் மிஷின்மேல் தலை சாய்த்து அழுதார். தராசுக்கும் மனசு கேட்கவில்லை. நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “முழுசா தோத்துட்டோம்னு சொல்ல முடியாது. பாதி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு இல்ல?” என்றார்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். இப்போது தம்பியோடு சேர்ந்து வேறு ஆர்டர்கள் பிடிக்கிறார். சரக்கு துறைமுகத்தைத் தாண்டிய பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தகவல். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட அப்படித்தான் என்று கேள்வி.

நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று நினைக்கிறீர்கள். சரிதான். அவர் பட்டறைக்காரர், நீங்கள் இல்லை. அவர் பலகை மாட்டினார், நீங்கள் மாட்டவில்லை. அவர் மனைவி அழுதார், உங்கள் வீட்டில் யாரும் அழுததில்லை, அழுதாலும் நீங்கள் பார்த்ததில்லை. இப்படி அவரையும் உங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டில் உங்களிடம் சொல்லாமலே என்னென்ன புறப்பட்டுப் போயிருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.