முப்பதாயிரத்துக்குள் ஒரு மலைச் சைக்கிள்

இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைதான் என்று பல்செட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

ஊரில் பல் போனவர்களில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து மெழுகில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. நாற்பத்தாறு வயதுக்குள் இடுப்பு என்று ஒன்று இருந்ததே மறந்துபோய்விட்டது. பட்டறைக்குப் போவது ஸ்கூட்டரில். முனைக்கடைக்குப் போவதும் ஸ்கூட்டரில். நடுவில் மாடிப்படி மட்டும் இல்லாவிட்டால் படுக்கையறை வரைக்கும் அதிலேயே வந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு காலை ரொட்டிக் கடை வாசலில் நின்றபோது, மலைப்பாதையிலிருந்து ஐந்தாறு பேர் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு. முகமெல்லாம் சிரிப்பு. கடைக்குப் பக்கத்தில் நான்கு கல்படி. சுற்றுப்பாதை இருக்கும்போதே, படிமேல் தடதடவென்று இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தும்பைப் பூவாக நரைத்த தலை. சிரித்தார். பல்செட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசை மொத்தமும் தன் கைவேலை!

"நான் செஞ்ச பல்லே மலை ஏறுது. நான் ஏறக்கூடாதா?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நியாயம் கேட்டார்.

அம்மையார் பெரிய ஆஸ்பத்திரியில் சாமான் கொள்முதல் அதிகாரி. அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு பஞ்சு உருண்டைகூட உள்ளே நுழையாது. வீட்டிலும் அதே சட்டம். எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். எதற்காக, எப்படிப் பயன்படும் என்று காரணம் எழுத வேண்டும். கீழே கேட்பவர் கையெழுத்துப் போட வேண்டும். கரண்டி வாங்கினாலும் இதே கதைதான். கல்யாணத்துக்கே மூன்று பேரைப் பார்த்து, 'பராமரிப்புச் செலவு குறைவு' என்று இவரைத் தேர்ந்தெடுத்ததாக அம்மையார் சொந்தக்காரர்களிடம் சொல்வதுண்டு. அதைப் பாராட்டு என்றே இவர் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றார் அம்மையார்.

இரண்டாம் நாள் உத்தரவு வந்தது. "வாங்கிக்கோங்க. முப்பதாயிரம். அதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது."

சைக்கிள் கடைக்காரருக்கு ஊரே வைத்த பெயர் சங்கிலி. கையில் எப்போதும் ஒரு செயின் தொங்கும். பல்செட்டுக்காரர் உள்ளே நுழைந்ததுமே ஒரு சிவப்புச் சைக்கிளில் தாவி உட்கார்ந்துவிட்டார். முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங். விலை இருபத்தொன்பதாயிரம். உட்கார்ந்தபடியே நாலு தடவை குதித்துப் பார்த்தார்.

"இறங்குங்க சார்" என்றார் சங்கிலி.

"ஏன்? சோபா மாதிரி சுகமா இருக்கே!"

"சோபாவுல உக்காந்து யாராவது மலை ஏறுவாங்களா? நீங்க மிதிக்கிற மிதியில பாதிய பின்னாடி ஸ்பிரிங்கே தின்னுடும். இந்த விலைக்கு ரெண்டு ஸ்பிரிங் குடுக்கறான்னா ரெண்டுமே மட்டம்னு அர்த்தம். பட்ஜெட் கம்மியா? பின்னாடி ஸ்பிரிங்கை மறந்துடுங்க. முன்சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க்ல மட்டும் நல்லதா ஒரு ஸ்பிரிங். பின்பக்கம் கெட்டியா இருக்கணும். இதுக்கு ஹார்ட்டெயில்னு பேரு. மிச்சமாகற பணம் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் போகணும்."

சொல்லிவிட்டு மூலையிலிருந்து ஒரு பச்சைச் சைக்கிளை உருட்டி வந்தார். பளபளப்பு இல்லை, ஸ்டிக்கர் இல்லை. ஆனால் எருமைக்கன்று மாதிரி நின்றது. தடித்த டயர், ஆயில் பிரேக், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ஃபோர்க். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம். பல்லைக் கண்டால் எண்ணாமல் இருக்க முடியுமா? குனிந்து எண்ணினார்.

"முப்பத்திரண்டு! ஒரு வாய் முழுசா இருக்கேப்பா!"

அதோடு மனசைப் பறிகொடுத்துவிட்டார். விலை கேட்டார். நாற்பத்திரண்டு. பறிகொடுத்த மனசு திரும்பி வரப் பார்த்தது.

"முப்பதுக்கும் ஒரு ஹார்ட்டெயில் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டறதுன்னா அதுவே தாராளம். தினமும் மழை வெயில்னு பார்க்காம ஓட்டறவங்களுக்குத்தான் இந்தப் பச்சை."

சங்கிலி சும்மாதான் சொன்னார். பல்செட்டுக்காரர் மூளையில் மின்னல் வெட்டியது.

மறுநாள் பட்டறையில், சுற்றிலும் பல் வரிசைகள் இளித்துக்கொண்டிருக்க, காரணம் எழுத உட்கார்ந்தார். சிவப்பு, முப்பது, பச்சை என்று கொட்டேஷன் மூன்று. கீழே: 'தினமும் பட்டறைக்குப் போய்வர. மழையிலும் வெயிலிலும். கடை கண்ணிக்கும் இதிலேயே. ஆகவே பச்சை.' அத்தனையும் பச்சைப் பொய். அம்மையார் காலை ஏழு மணிக்கே கிளம்பி, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர். எட்டரைக்கு இவர் எதில் ஏறிப் போகிறார் என்று யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? தன் சாமர்த்தியத்தை நினைத்து அவரே தன் முதுகைத் தட்டிக்கொள்ள முயன்றார். கை எட்டவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் விசாரணை. அம்மையார் கண்ணாடி போட்டுக்கொண்டார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"தினமும்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"தினமும்னா?"

"தினமும்னா... தினமும்தாம்மா."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமையும் தினத்துல ஒண்ணுதானே!"

"மழை பெஞ்சா?"

"சேறு படாத சைக்கிளும் ஒரு சைக்கிளா?"

"டாக்டர் வீடுகளுக்குப் பல்செட் கொண்டுபோய்க் குடுக்கணுமே?"

"முதுகுல பைய மாட்டிக்குவேன். என் பல்லு மலையில உருட்டினாலும் உடையாது."

"அப்ப பெட்ரோல்?"

"இனிமே அந்தப் பேச்சே இந்த வீட்டுல கிடையாது!"

பேசப் பேச அவர் குரலில் ஒரு வீரம் ஏறிக்கொண்டே போனது. தான் சொல்வதைத் தானே முக்கால்வாசி நம்பிவிட்டார். அம்மையார் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக் அடித்தார். 'தினமும்' என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு போட்டார்.

"கையெழுத்துப் போடுங்க. மிச்சம் பன்னிரண்டாயிரத்துக்கு நான் வழி பண்றேன்."

பல்செட்டுக்காரர் பேனாவைக் கையில் வாங்கினார். பாவம், எந்தச் சேமிப்பை உடைக்கப்போகிறாளோ! உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே அந்த முப்பத்திரண்டு பல்லும் கண்ணுக்குள் வந்து நின்றது. உண்மையை அப்படியே விழுங்கிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை சைக்கிள் வந்தது. ஞாயிறு காலை மலை. ஏற்றத்தில் பாதி தூரம் அவர் சைக்கிள்மேல் போனார். மீதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இறக்கம்தான் சொர்க்கம். கல்லும் வேரும் காலுக்கடியில் கடகடவென்று ஓடின. முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படவே இல்லை. ரொட்டிக் கடைக் கல்படியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். திறந்து பார்த்தால் விழவில்லை! நரைத்த தலைக்காரர் கை தட்டினார். காது நுனி வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை தொடை இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. பரவாயில்லை, அம்மையார் போனதும் ஸ்கூட்டர் இருக்கிறது. ஏழு அடித்தது. அம்மையார் போகவில்லை. ஏழரை. அப்போதும் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸை விட்டுட்டியாம்மா?"

"இல்லீங்க."

பல்செட்டுக்காரர் வாசலுக்கு வந்து, நிறைந்திருந்த டயருக்கே காற்றடிக்கிற பாவனையில் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு அம்மையார் வெளியே வந்தார். தலையில் ஹெல்மெட். கையில் ஸ்கூட்டர் சாவி.

"அந்தச் சாவி உன் கையில எப்படி?"

"வண்டிய வாங்கிட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். பன்னிரண்டாயிரம். சைக்கிளுக்குப் போட்டது அந்தப் பணம்தான். மூணு இடத்துல விலை கேட்டேன். மத்த ரெண்டு பேரும் பத்தைத் தாண்டல. நான்தான் நல்ல விலை குடுத்திருக்கேன்."

"உனக்கு ஓட்டவே தெரியாதே!"

"ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் சாப்பாட்டு நேரத்துல கத்துக் குடுத்தாரு. மூணு மாசம். போன வாரம் லைசென்ஸும் வந்துடுச்சு."

"மூணு மாசமா? எனக்குச் சைக்கிள் ஆசை வந்தே மூணு வாரம்தானே ஆச்சு?"

"நீங்க எதுக்காவது ஆசைப்படுவீங்கன்னு தெரியும். எதுக்குன்னுதான் தெரியல. காத்துக்கிட்டு இருந்தேன்."

பல்செட்டுக்காரர் பம்பைக் கீழே வைத்தார். "அப்ப அந்த முப்பதாயிரம்?"

"சங்கிலிதாங்க எங்க ஸ்ட்ரெச்சருக்கெல்லாம் சக்கரம் மாட்டறவர். நல்ல ஹார்ட்டெயில் நாப்பதுக்குக் குறையாதுன்னு அன்னைக்கே விசாரிச்சுட்டேன். மொத்தத்தையும் முதல்லயே குடுத்திருந்தா தினமும்னு எழுதியிருப்பீங்களா? 'ஞாயிறு மட்டும்'னு எழுதியிருப்பீங்க. நான் இன்னும் ரெண்டு பஸ் மாறிக்கிட்டு இருப்பேன்."

கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். சுவரில் பச்சைச் சைக்கிள் நேற்றைய சேறு காயாமல் சாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. நல்ல சைக்கிள். ஏமாந்தாலும் நல்ல சைக்கிளுக்குத்தான் ஏமாந்திருக்கிறோம் என்று தோன்றியது. முதுகுப்பையில் நான்கு பேருடைய பல்லை எடுத்து வைத்துக்கொண்டு, முனகிக்கொண்டே காலைத் தூக்கிச் சைக்கிள்மேல் போட்டார்.

ஸ்கூட்டர் ஒரே அழுத்தில் கிளம்பியது. தெருவில் இவரைத் தாண்டும்போது அம்மையார் வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார்.

"ரொம்ப முடியலேன்னா வெக்கப்படாம ஒரு போன் போடுங்க. நான் வந்து பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."